பெரிய டிஸ்க்கும் சிறிய பலனும்: கார் பிரேக்கை வீட்டிலேயே மேம்படுத்துவதன் அறிவியல்

ஓடிக்கொண்டிருக்கும் காரை நிறுத்துவது, இயற்பியலின் கண்ணோட்டத்தில், அதன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கவிடும் வேலையே ஆகும். அந்த ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்வதால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1000 கிலோகிராம் எடையுள்ள சிறிய காரிடம் ஏறத்தாழ 96 கிலோஜூல் ஆற்றல் இருக்க, அதே கார் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அது நான்கு மடங்காகி 386 கிலோஜூலைத் தொடுகிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான இந்த வெப்பத்தை, ஓட்டுநர் முழு பலத்துடன் மிதிக்கும் நேரத்தில், பிரேக் அமைப்பு சற்றேறக்குறைய மூன்றே விநாடிகளில் உள்வாங்கியாக வேண்டும். அதன் சராசரித் திறன் அப்போது 120 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அந்தக் காரை ஓட்டும் எஞ்சினின் உச்சத் திறனோ பெரும்பாலும் 60 கிலோவாட் அளவில்தான் இருக்கும். சாதாரணக் கார் ஒன்றில் மிகத் திறன் வாய்ந்த இயந்திரம் எது என்று கேட்டால், பிரேக் என்பதே சரியான விடை.

அத்தகைய அமைப்பை மேலும் வலுப்படுத்த விரும்பும் உரிமையாளர்கள் குறைவல்லர். பெரிய டிஸ்க், துளையிட்ட டிஸ்க், சிவப்பு வண்ணம் பூசிய காலிப்பர், பந்தயக் கார்களுக்கென்று சொல்லப்படும் பேட் என்று உதிரிபாகக் கடைகளில் எல்லாமே கிடைக்கின்றன; ஜாக்கியும் சில ஸ்பானர்களும் உள்ள எவரும் அவற்றில் பலவற்றை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடவும் முடியும். ஆனால் மாற்ற முடிகிறது என்பதாலேயே மாற்றம் பயன் தந்துவிடாது. எந்த மாற்றம் எதை மேம்படுத்துகிறது என்பதைப் பிரித்தறிய, ஓட்டுநரின் பாதத்திலிருந்து சாலை வரை விசை செல்லும் வழியை முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் வகையை, அதாவது முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் கொண்ட சிறிய காரை, எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் 20 கிலோ எடைக்கு நிகரான விசையுடன், அதாவது ஏறத்தாழ 200 நியூட்டன் விசையுடன், மிதியை அழுத்துவதாகக் கொண்டால், மிதியின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காக்குகிறது. எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் உதவியால் இயங்கும் பூஸ்டர் அதை மேலும் மூன்று மடங்காக்க, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 2400 நியூட்டன் விழுகிறது. அந்தப் பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், அடைபட்ட திரவத்தில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 75 மடங்கு. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் வகுத்த விதியின்படி, அதே அழுத்தம் சக்கரத்தருகே காலிப்பர் எனும் பிடிப்பானுக்குள் இருக்கும் 50 மில்லிமீட்டர் பிஸ்டனையும் தள்ளுகிறது. அதன் பரப்பு ஆறு மடங்கு பெரியது என்பதால் விசை 15,000 நியூட்டனாகிறது. பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகள் இரண்டும், சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கை இரு பக்கமும் அவ்வளவு விசையுடன் நெரிக்கின்றன.

உராய்வுக் கெழு என்பது, இரு பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வு விசையாகத் திரும்பக் கிடைக்கிறது என்பதைக் குறிக்கும் எண். பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் அது 0.4 எனக் கொண்டு, டிஸ்க்கின் மையத்திலிருந்து பேட் 10 சென்டிமீட்டர் தொலைவில் பிடிப்பதாகவும், டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர் எனவும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு முன்சக்கரம் சாலையைப் பின்னோக்கிப் பிடித்திழுக்கக்கூடிய விசை 4300 நியூட்டன் என்று வருகிறது. இனி சாலையின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கடுமையாக பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால், 1000 கிலோவில் ஏறத்தாழ 800 கிலோ முன்சக்கரங்களின் மீதும், வெறும் 200 கிலோ பின்சக்கரங்களின் மீதும் நிற்கிறது. ஒரு முன்சக்கரத்தின் பங்கு 400 கிலோ. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு 0.9 அளவில் இருப்பதால், அந்தச் சக்கரத்துக்குச் சாலை தரக்கூடிய உச்சப் பிடிப்பு 3500 நியூட்டன்தான். பிரேக்கோ 4300 நியூட்டன் தரத் தயாராக இருக்கிறது. அதுவும் 20 கிலோ மிதி விசைக்கே! சாலையின் பிடிப்பைத் தாண்டும் அளவுக்கு அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பூட்டவிடாமல் அழுத்தத்தை விட்டுவிட்டுத் தரும் ஏ.பி.எஸ். அமைப்பு இருந்தால் அது குறுக்கிட்டுத் தடுக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அந்த அமைப்பு கட்டாயம்.

கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை, நல்ல நிலையில் உள்ள பிரேக் அமைப்பைப் பொறுத்தவரை, டயரும் சாலையுமே முடிவு செய்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 44 மீட்டர் தேவைப்படுகிறது. மழையில் நனைந்து உராய்வுக் கெழு 0.5 ஆகக் குறைந்த சாலையில் அது 79 மீட்டராக நீள்கிறது. பேட்டைப் பிடிக்கும் காலிப்பர் எத்தனை பிஸ்டன் கொண்டதாக இருந்தாலும் இந்த இரண்டு எண்களும் மாறப்போவதில்லை. ஆகவே நிறுத்தத் தூரத்தைக் குறைக்க விரும்புகிறவர் பணத்தைச் செலவிட வேண்டிய முதல் இடம் டயர் கடை. டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறியீட்டு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் ஆழத்தைக் காட்டுபவை. சாலையோடு அவை சமமாகும் வரை காத்திருப்பது சட்டப்படி குற்றமாகாது என்றாலும், மழைக்காலத்தில் அறிவுடைமையும் ஆகாது.

பெரிய பிரேக்கால் பயனே இல்லையா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. பயன் உண்டு, அது முதல் நிறுத்தத்தில் தெரியாது, பத்தாவது நிறுத்தத்தில் தெரியும். சிறிய காரின் முன் டிஸ்க் ஒன்று ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு. 386 கிலோஜூலில் ஐந்தில் நான்கு பங்கை இரண்டு முன் டிஸ்க்குகளும் வாங்கிக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அவற்றின் வெப்பநிலை 60 டிகிரி அளவுக்கு உயர்கிறது. இடைவெளியின்றி அடுத்தடுத்து நிறுத்தினால், குளிர நேரம் கிடைக்காமல், ஒவ்வொரு முறையும் அந்த 60 டிகிரி மேலேறிக்கொண்டே போகும். சமவெளியில் இப்படி ஓட்டுபவர் எவருமில்லை. மலைப்பாதையிலோ நிலைமை வேறு. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழிறங்கும் வாகனம் இழக்கும் நிலை ஆற்றல், அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை நிற்கும்போது இழக்கும் ஆற்றலுக்குச் சமம். இருபுறமும் நிறை ஒன்றே என்பதால் இந்தக் கணக்கு சிறிய காருக்கும் பாரம் ஏற்றிய வேனுக்கும் ஒன்றாகவே அமைகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ, 36 வளைவுகள் கொண்ட உதகை–கல்லட்டிச் சாலையிலோ, உயர்ந்த கியரில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறவர் இந்த ஆற்றல் முழுவதையும் நான்கு சக்கரங்களின் இரும்பிலேயே கொட்டுகிறார். இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேற்றிவிடும். ஒரு ரூபாயும் செலவில்லாத பிரேக் மேம்பாடு இது ஒன்றுதான். மலையடிவாரப் பலகைகள் அதைத்தான் சொல்கின்றன, பலரும் படிப்பதில்லை.

வெப்பம் மிகும்போது பிரேக் இரண்டு வழிகளில் தோற்கிறது. முதலாவது பேட்டில் நிகழ்வது: உராய்வுப் பொருளின் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் தாங்கும் எல்லையைக் கடந்து சிதைந்து வாயுவை வெளியிட, அந்த வாயு மெல்லிய படலமாகப் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று பிடிப்பைக் குறைக்கிறது. அப்போது மிதி கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. இரண்டாவது திரவத்தில் நிகழ்வது: காலிப்பரின் வெப்பம் பிரேக் ஆயிலை எட்டி அதைக் கொதிக்கவைத்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன, திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும் என்பதால், மிதி பஞ்சாக இறங்கித் தரையைத் தொடுகிறது. இரண்டில் இதுவே கொடியது, ஏனெனில் ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு எதையும் இது தருவதில்லை.

மெக்கானிக்குகள் பிரேக் ஆயில் என்று அழைக்கும் திரவத்தில் எண்ணெய் துளியும் இல்லை. கனிம எண்ணெய் கலந்துவிட்டால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும். பிரேக் திரவம் கிளைக்கால் ஈதர் எனும் வகையைச் சேர்ந்த சேர்மங்களின் கலவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. மூடிய அமைப்பாக இருந்தும், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் தேக்கக் கிண்ணத்தின் காற்றுத்துளை வழியாகவும் நீர் மூலக்கூறுகள் மெல்ல உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தர எண்களே உலகெங்கும் டப்பாக்களில் அச்சிடப்படுகின்றன. டாட் 3 வகை புதியதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீத நீர் கலந்த நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத நீர், கொதிநிலையை 65 முதல் 80 டிகிரி வரை வீழ்த்திவிடுகிறது என்பதைக் கவனித்தால், ஐந்தாண்டு பழைய உயர்தரத் திரவத்தைவிட நேற்று ஊற்றிய சாதாரணத் திரவம் மேலானது என்பது விளங்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் குறிப்பதன் காரணம் இதுவே. டாட் 3 பரிந்துரைக்கப்பட்ட காரில் டாட் 4 ஊற்றுவதற்குப் பொதுவாகத் தடையில்லை. எண்ணில் நெருங்கியிருந்தாலும் டாட் 5 என்பது வேறு சாதி: அது சிலிக்கோன் திரவம், மற்றவற்றோடு கலக்காது, ஏ.பி.எஸ். உள்ள கார்களுக்கு ஏற்றதும் அன்று. கடைக்காரர் டாட் 5.1 கேட்டவருக்கு டாட் 5 எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு என்பதால் டப்பாவை வாங்குகிறவரே படித்துப் பார்ப்பது நலம்.

பேட்டின் வரலாறு டிஸ்க் பிரேக்கின் வரலாற்றோடு பிணைந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார்கள் தயாரித்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, டிஸ்க்கைப் பிடிக்கச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசிய ஓலமும், புழுதிச் சாலைகளில் செம்பு தேய்ந்த வேகமும் அந்தக் கண்டுபிடிப்பை அரை நூற்றாண்டு தள்ளி வைத்தன. டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் 1953ஆம் ஆண்டின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. வெப்பத்தில் டிரம் விரிவடையும்போது அதன் உட்சுவர், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களை விட்டு விலகிச் செல்ல, டிஸ்க்கோ விரிவடையும்போது பேட்டை நோக்கித் தடிக்கிறது. திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் குளிரவும் செய்கிறது. இரவு பகலாக ஓடும் பந்தயத்தில் இந்த இரண்டு இயல்புகளும் கூடி வெற்றியைத் தீர்மானித்தன.

இன்று கடைகளில் கிடைக்கும் பேட்களை மூவகையாகப் பிரிக்கலாம். கரிம இழைகளைப் பிசினால் பிணைத்தவை ஓசையின்றி மென்மையாகப் பிடிக்கும், வெப்பத்தை அதிகம் தாங்கா; எஃகு இழையும் இரும்புத் தூளும் கலந்த பாதி உலோகப் பேட்கள் வெப்பத்தைத் தாங்கும், டிஸ்க்கைச் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும்; பீங்கான் இழை கலந்தவை தூசியையும் ஓசையையும் குறைப்பவை, விலை மிகுந்தவை. பந்தயப் பேட்கள் தனி இனம். நூற்றுக்கணக்கான டிகிரி சூடேறிய பிறகே அவை முழுப் பிடிப்பைத் தருகின்றன. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்காக மிதிக்கும்போது அவை குளிர்ந்தே இருக்கும். பந்தயத்துக்கு ஏற்றது தெருவுக்கும் ஏற்றது என்ற நம்பிக்கை இவ்விடத்தில் ஆபத்தாகிறது. மலைப்பயணம் அடிக்கடி செய்யும் குடும்பக் காருக்குத் தரமான பாதி உலோகப் பேட் போதும். வீட்டிலேயே செய்யக்கூடிய மாற்றங்களில் புதிய திரவத்துக்கு அடுத்தபடியாக உணரத்தக்க பலன் தருவதும் அதுவே.

டிஸ்க்கில் துளை போடுவதைப் பற்றி ஒரு சொல். பழைய பேட்கள் வெளியிட்ட வாயு வெளியேற வழி செய்வதற்காகத் தோன்றிய துளைகள், இன்றைய பேட்களுக்குப் பெரிதும் தேவையற்றவை. மழைநீரைச் சற்று விரைவாக வெளியேற்றும் என்பதைத் தவிர அவை செய்வது, வெப்பத்தை ஏற்கும் இரும்பின் அளவைக் குறைப்பதும், திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிரும்போது விரிசல் தொடங்குவதற்கு இடம் கொடுப்பதும்தான். டிஸ்க்குகள் சாம்பல் வார்ப்பிரும்பில் செய்யப்படுவது மலிவு கருதி மட்டுமன்று. அதனுள் தகடு தகடாகப் பரவியிருக்கும் கிராஃபைட் வெப்பத்தை விரைந்து கடத்துவதோடு அதிர்வையும் விழுங்குகிறது. பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். அளந்து பார்த்தால் பெரும்பாலும் காணப்படுவது தடிமன் வேறுபாடு, அதாவது தேய்மானமும் பேட்டிலிருந்து படிந்த பொருளும் இடத்துக்கு இடம் சில மைக்ரான்கள் மாறியிருப்பது. ஒவ்வொரு டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டர் காட்டும் அளவு அதற்குக் கீழே போயிருந்தால் கடைந்து சமப்படுத்துவதைப் பற்றிப் பேச இடமில்லை, இரண்டு பக்கமும் புதியதாகவே மாற்ற வேண்டும்.

பெரிய டிஸ்க்கும் பல பிஸ்டன் காலிப்பரும் கொண்ட முழுத்தொகுதி, வீட்டு வாசலில் செய்யப்படும் மேம்பாடுகளிலேயே கவர்ச்சியானது. கூடுதல் இரும்பு கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரேக் அமைப்பு ஒரு சமநிலையின் மீது நிற்பது. தொழிற்சாலை வடிவமைப்பாளர், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னதாகவே பிடிப்பின் எல்லையைத் தொடும்படி விசையைப் பங்கிட்டிருப்பார். முன்சக்கரம் பூட்டினால் கார் நேராகச் சறுக்கும், பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழன்றுவிடும் என்பதே அதற்குக் காரணம். முன்னால் மட்டும் பெரிய டிஸ்க் பொருத்தினால், பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்து முடிக்கும் முன்பே முன்சக்கரங்கள் எல்லையை எட்டிவிடுவதால் நிறுத்தத் தூரம் உண்மையில் நீளக்கூடும். காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால், அதே மாஸ்டர் சிலிண்டர் அதிகத் திரவத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் மிதி ஆழமாக இறங்குகிறது. சக்கரத்தோடு சுழலும் எடையும் ஏறுகிறது. பழைய ரிம் பெரிய பிரேக்கின் மேல் பொருந்தாமலும் போகலாம்.

பின்சக்கர டிரம்மை நீக்கி டிஸ்க் பொருத்தும் ஆசையோ இன்னும் வலுவற்ற அடிப்படை கொண்டது. கடும் பிரேக்கின்போது பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுமப்பது 200 கிலோ என்பதைக் கண்டோம்; நிறுத்தும் வேலையில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்ட வழியில்லை. மேலும், டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களில் முன்னது, சுழலும் டிரம்மால் இழுக்கப்பட்டுத் தானாகவே மேலும் இறுகும் இயல்புடையது. டிஸ்க்கில் இந்தத் தன்னிறுக்கம் இல்லாததால் அதே விசைக்கு அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தத்தைப் பின்சக்கரங்களுக்குக் குறைத்து அனுப்பும் வால்வும், ஏ.பி.எஸ். கணினியின் கணக்குகளும் டிரம்முக்காக அமைக்கப்பட்டவை. ஹேண்ட் பிரேக்கோ டிரம்மில் மலிவாகவும் உறுதியாகவும் வேலை செய்வது. சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளர் முதலில் தேடுவதும் இத்தகைய மாற்றங்களையே. பந்தயத் தடத்தில் வார இறுதிகளைக் கழிப்பவர் தவிர மற்றவர்க்கு இந்த இரண்டு மாற்றங்களும் வீண்செலவு என்று சொல்வதில் தயக்கத்துக்கு இடமில்லை.

ஹோஸ்களின் நிலை இடைப்பட்டது. சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு இடம் தரும் ரப்பர்க் குழாய், ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளழுத்தத்தில் சற்றே ஊதுகிறது. அந்த ஊதல் அளவுக்கு மிதி மென்மையாகிறது. எஃகு இழை பின்னிய ஹோஸ் அதைத் தடுத்து மிதியைக் கெட்டியாக்கும். பத்தாண்டு கடந்த காரில் வெடிப்புவிட்ட ரப்பரை மாற்றும்போது அதைத் தேர்வது பொருத்தமானது. நல்ல ரப்பரைக் கழற்றி எறிய அவசியமில்லை.

பேட் மாற்றும் வேலை எளியது, ஆனால் கவனக்குறைவை மன்னிக்காதது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கிய பின் காரின் எடையை உறுதியான ஸ்டாண்டுகளின் மீது இறக்கிவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தடியில் கை வைப்பது கூடாது, செங்கல் அடுக்கி வைப்பது அதனினும் கூடாது. சக்கரத்தைச் சுற்றிய தூசியைக் காற்றுப் பம்பால் ஊதுவது பட்டறைகளில் காணும் வழக்கம். பழைய உராய்வுக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால், பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பதே முறை. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சுருள்வில்லோடு கட்டிவைப்பது ஹோஸின் உள்ளிழைகள் அறாமல் காக்கும். புதிய பேட் தடித்தது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அப்போது திரவம் பின்னோக்கி ஏறித் தேக்கக் கிண்ணம் வழிந்தால், அது பட்ட இடத்துப் பெயின்ட் உரிந்துபோகும். காலிப்பர் நழுவி நகரும் பின்களைத் துடைத்து, அவற்றுக்கென்றே உள்ள, உயர் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் கிரீஸைப் பூசுவது பலராலும் விடப்படும் படி. ஒரு பக்கப் பேட் மட்டும் விரைவில் தேய்வதற்குப் பெரும்பாலும் இறுகிப்போன அந்தப் பின்களே காரணம். டிஸ்க்கையும் மாற்றுவதானால், அது அமரும் ஹப்பின் துருவைச் சுரண்டிவிட்டே பொருத்த வேண்டும், இல்லையேல் நூல் கனத் துருவும் டிஸ்க்கின் விளிம்பில் நடுக்கமாகப் பெருகும். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவது, எந்தப் பாகம் எங்கே இருந்தது என்ற குழப்பத்தைத் தவிர்க்கும். நட்டுகளையும் போல்ட்டுகளையும் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவது நன்று.

திரவத்தை மாற்றி ஏர் எடுக்கும் வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடிக்க, மற்றவர் காலிப்பரின் நிப்பிளை அரைத் திருகு திறந்து, ஒரு முனை புட்டியிலுள்ள திரவத்தில் மூழ்கிய ஒளிபுகும் குழாய் வழியே பழைய திரவத்தையும் குமிழ்களையும் வெளியேற்றிய பின் மூடுகிறார். மூடிய பிறகே மிதியை விட வேண்டும், முன்னதாக விட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான முறை என்றாலும், ஒரு முன்சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சுற்றுகள் கொண்ட கார்களில் வரிசை மாறுவதால் கையேட்டின் சொல்லே இறுதியானது. தேக்கக் கிண்ணம் ஒருகணமும் வற்றக் கூடாது. வற்றி, ஏ.பி.எஸ். வால்வுத் தொகுதிக்குள் காற்று சென்றுவிட்டால், பல கார்களில் அதை வெளியேற்றக் கணினிக் கருவி வேண்டும். வீட்டு வேலை அத்துடன் முடிந்து பட்டறை வேலை தொடங்கிவிடும். வடித்த திரவத்தை வடிகட்டி மீண்டும் ஊற்றும் சிக்கனம் இங்கே பொருந்தாது.

புதிய பேட் தன் முழுப் பிடிப்பை முதல் நாளே தருவதில்லை. வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 20க்கு எட்டுப் பத்து முறை மிதமான அழுத்தத்துடன், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் குளிர இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்துப் பழக்கினால், பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கின் மீது சீராகப் படிகிறது. பிறகு வரும் பிடிப்பின் பெரும்பகுதி இந்தப் படலத்துக்கும் பேட்டுக்கும் இடையிலானது. சூடான நிலையில் மிதியை அழுத்தியபடி நின்றுவிட்டால் அந்த ஓரிடத்தில் மட்டும் படிவு தடித்துப் பின்னாளில் நடுக்கமாக வெளிப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, எஞ்சினைக் கிளப்பி காரை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கும் முன்பாக, மிதி கெட்டியாகும் வரை பலமுறை அழுத்த வேண்டும். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன்கள் பேட்டை வந்து தொடும் வரை அந்தக் காரில் பிரேக் இல்லை. வீட்டு வாசலில் வேலையை முடித்துவிட்டு ஆர்வத்தில் கியரைப் போடுகிறவர் எதிர்ச் சுவரில்தான் இதைத் தெரிந்துகொள்வார். கெட்டியான மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்லக் கீழிறங்கினால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம் கெட்டுவிட்டது என்று பொருள். அந்தக் காரை மெக்கானிக்கிடம் ஓட்டிச் செல்லாமல், மெக்கானிக்கைக் காரிடம் வரவழைக்க வேண்டும்.